கைநாட்டுக் கேட்கும் எந்திரம்!

தேவாரம் என்றதும் கோவிலில் பாடும் பாட்டு நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது பாட்டு அல்ல, ஊர்.

தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது தேவாரம். ஒரு பக்கம் போடி. மறுபக்கம் பண்ணைப்புரம், கோம்பை. தலையை நிமிர்த்தினால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே ஏலத் தோட்டங்கள்.

அந்தத் தோட்டங்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இருந்து கூலி ஆட்கள் போகிறார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து, தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலை ஏறுகிறார்கள். சாக்கலூத்து மெட்டு வழியாக ரோடு போட்டுக் கொடுங்கள் என்று தேவாரத்து மக்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். அது தனிக் கதை.

நாம் பார்க்கப்போவது அந்தக் கூலி ஆட்களின் கைகளை!

எழுதப் படித்த கை

ஒரு காலத்தில் "கைநாட்டு" என்றால் ஏளனம். "அவன் கைநாட்டுப் பேர்வழி" என்பார்கள். கட்டை விரலில் மையைத் தடவிக் காகிதத்தில் உருட்டும்போது, பெரியவர்கள் வெட்கத்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

1990-களில் அறிவொளி இயக்கம் வந்தது. பகலெல்லாம் வேலை செய்த பெண்கள் இரவில் வகுப்புக்கு வந்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட "அ, ஆ" எழுதினார்கள். பேரை எழுதப் படித்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டை ஒழித்துவிட்டோம் என்று ஊரே மகிழ்ந்தது.

ஒழிந்ததா?

இல்லை. திரும்பி வந்துவிட்டது!

ரேஷன் கடையில் விரல் வை. பணம் எடுக்க வேண்டுமா? விரல் வை. சிம் கார்டு வாங்க வேண்டுமா? விரல் வை. பி.ஏ. படித்தவருக்கும் கைநாட்டு. எம்.ஏ. படித்தவருக்கும் கைநாட்டு. அந்த மட்டில் சமத்துவம் வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எம்.ஏ. படித்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் விரலை எந்திரம் உடனே ஒப்புக்கொள்கிறது. நாற்பது வருடம் மண்ணில் வேலை பார்த்தவரின் விரலை, "யார் நீ?" என்று கேட்கிறது.

"ரேகை விழலை"

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020-ம் ஆண்டு அக்டோபரில் கைரேகை முறை வந்தது. ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு என்ற திட்டத்தோடு சேர்ந்து வந்தது. அன்று முதல் இன்றுவரை பல ஊர்களில் நடப்பது என்ன? ஒரு காட்சியாகக் கற்பனை செய்து பாருங்கள்.

கடை வாசலில் வரிசை. ஒரு அம்மாச்சி முன்னால் வருகிறார். விரலை வைக்கிறார்.

"ரேகை விழலை அம்மாச்சி. அடுத்த விரலை வைங்க."

வைக்கிறார். விழவில்லை.

"கையை நல்லாத் தொடச்சிட்டு வைங்க."

முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கிறார். விழவில்லை.

"அந்தக் கையைக் குடுங்க."

பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது ஒருவருக்கு. பால் அடுப்பில் இருக்கிறது இன்னொருவருக்கு. பத்து விரலையும் வைத்தாகிவிட்டது.

"சர்வர் வேற சுத்துது. சாயந்திரம் வாங்க அம்மாச்சி."

இதில் கொடுமை என்ன தெரியுமா? கடைக்காரருக்கு அந்த அம்மாச்சியைத் தெரியும். பெயர் தெரியும். வீடு தெரியும். எந்த வருடம் தாத்தா காலமானார் என்பதும் தெரியும். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுக்குத்தான். அந்தப் பெட்டி சொல்வதுதான் செல்லுகிறது!

கடைக்காரரைத் திட்டிப் பயன் இல்லை. பெட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால் பில் வராது. பில் இல்லாமல் அரிசி போட்டால், மாதக் கடைசியில் இருப்புக் குறையும். அந்தப் பணத்தை அவர் கையில் இருந்து கட்ட வேண்டிவரும். ஜனங்கள் திட்டுவது அவரை. மேலிடம் கேள்வி கேட்பதும் அவரை.

விரல் எங்கே போகிறது?

விரலை வைத்ததும் என்ன நடக்கிறது?

விரல் நுனியைக் கூர்ந்து பாருங்கள். சின்னச் சின்ன வரப்புகள் தெரியும். சில வரப்புகள் பாதியில் நின்றுவிடும். சில, கிளை பிரியும். எங்கே நிற்கிறது, எங்கே பிரிகிறது என்பதை எந்திரம் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு செல்போன் கோபுரம் வழியாகப் புறப்பட்டு, ஆதார் விவரங்களை வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது. அவை பெங்களூரிலும், டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள மானேசரிலும் இருக்கின்றன.

அங்கே, ஆதார் எடுத்த நாளில் பதிந்த ரேகையோடு ஒப்பிடுகிறார்கள். பதில் ஒரே வார்த்தை. "ஆம்." அல்லது, "இல்லை."

இரண்டு கிலோ சர்க்கரைக்காக, அடுத்த தெருவில் இருந்து வந்தவரின் விரல் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது பார்த்தீர்களா! நடுவில் சிக்னல் இல்லாவிட்டாலும் கதை முடிந்தது. மலை அடிவாரத்து ஊர்களில் சிக்னல் எப்படி இருக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, ரேகை ஏன் விழுவதில்லை?

தாயின் வயிற்றில் இருக்கும்போதே ரேகை உருவாகிவிடுகிறது. அதன் அமைப்பு சாகும்வரை மாறுவது இல்லை. இது உண்மை. ஆனால், தோலின் மேற்பரப்புத் தேய்ந்துபோகும். இதுவும் உண்மை. மண்வெட்டி பிடித்தால் தேயும். செங்கல் சுமந்தால் தேயும். சிமெண்டு பட்டால் அரிக்கும். களை பறித்து, மருந்து அடித்து, காய் எடுத்து, பாத்திரம் தேய்த்த கை வேறு எப்படி இருக்கும்? வயது ஏற ஏறத் தோல் வறண்டு சுருங்குவதும் சேர்ந்துகொள்கிறது.

தேய்ந்த ரேகை திரும்ப எழும். அதற்கு மருந்து ஓய்வு. சில வாரம் கைக்கு வேலை கொடுக்காமல் இருந்தால் வரப்புகள் மறுபடியும் தலை தூக்கும். கூலி வேலைக்குப் போகிறவர், ரேஷன் அரிசிக்காகச் சில வாரம் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?

கைரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் வித்தை நம் நாட்டில்தான் வளர்ந்தது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் திறந்தார்கள். உலகத்திலேயே அதுதான் முதல். அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீசு அதிகாரிகள் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தார்கள். பெயர் அவர்களுடைய வெள்ளைக்கார மேலதிகாரி ஹென்றிக்குப் போய்விட்டது! அன்று அந்த முறை குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கு. இன்று நல்லவர்கள், "நான்தான் நான்" என்று நிரூபிப்பதற்கு.

நூற்றுக்கு எத்தனை?

"ஏதோ ஒன்றிரண்டு பேருக்கு அப்படி ஆகும். அதற்காகத் திட்டத்தைக் குறை சொல்லலாமா?" என்று சிலர் கேட்பார்கள்.

கணக்கைப் பார்ப்போம். இந்திய சர்க்காரின் 2016-17 பொருளாதார ஆய்வு அறிக்கையில், ஆதார் சரிபார்ப்புத் தோல்வி பற்றிய மதிப்பீடுகள் இருக்கின்றன. ஜார்க்கண்டில் 49 சதவீதம். ராஜஸ்தானில் 37 சதவீதம். குஜராத்தில் 6 சதவீதம். 2018-ல் ஆதார் ஆணையமே சுப்ரீம் கோர்ட்டில், சர்க்கார் சேவைகளில் 88 சதவீதம் வெற்றி என்றது. அப்படியானால் நூறு தடவைக்குப் பன்னிரண்டு தடவை தோல்வி! நூறு தடவைக்குப் பன்னிரண்டு தடவை தப்பாக நிறுக்கும் தராசை எந்தச் சந்தையில் விடுவார்கள்?

ஜார்க்கண்டில் 2017 செப்டம்பரில் நடந்ததை நாடு மறக்கவில்லை. சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அவள் குடும்பத்தின் ரேஷன் கார்டை நீக்கியிருந்தார்கள். "சோறு, சோறு" என்று கேட்டுக்கொண்டே உயிர் விட்டாள் என்றார் தாய். மலேரியாதான் காரணம் என்றார்கள் அதிகாரிகள். எதனால் இறந்தாள் என்பதில் தகராறு உண்டு. வீட்டுக்கு ரேஷன் அரிசி வராமல் நின்றுபோனதில் தகராறு இல்லை.

அதற்கு அடுத்த மாதமே, 2017 அக்டோபர் 24-ந் தேதி, மத்திய உணவுத்துறை எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு அனுப்பியது. ஆதார் இல்லை என்றோ, ரேகை ஒத்துப்போகவில்லை என்றோ, உரியவருக்கு ரேஷனை மறுக்கக்கூடாது என்பது அந்த உத்தரவு. 2018 செப்டம்பர் 26-ந் தேதி தீர்ப்பு அளித்த சுப்ரீம் கோர்ட்டும், சரிபார்ப்பு தோல்வி அடைந்தால் வேறு வழியில் அடையாளம் காண ஏற்பாடு வேண்டும் என்று கூறியது.

ஆக, சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. பெட்டிக்குத்தான் சட்டம் தெரியவில்லை!

கம்ப்யூட்டரே வேண்டாமா?

அப்படிச் சொல்ல வரவில்லை.

பக்கத்தில் போடியில், ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. விலை திரையில் ஓடுகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். ரேஷன் கடையிலும் எந்திரம் வந்த பிறகு ஒரு நன்மை உண்டு. வாங்காத பொருளை வாங்கியதாக எழுதினால் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்து காட்டிக்கொடுத்துவிடும். போலிக் கார்டுகளைப் பிடிக்கவும் எந்திரம் உதவியது. அதை மறைப்பானேன்?

எந்திரம் தப்புச் செய்வதும் பெரிய குற்றம் அல்ல. மனிதனும் தப்புச் செய்கிறான். ஆனால் மனிதன் தப்புச் செய்தால், "ஏன்யா, கண் தெரியலையா?" என்று கேட்கலாம். எந்திரம் தப்புச் செய்தால் யாரைக் கேட்பது? "எந்திரம் தப்பு, இவர் சொல்வதுதான் சரி" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? வம்பு எல்லாம் இங்கேதான்.

ரேஷன் கடையோடு இது நிற்கவில்லை. பெரிய கம்பெனிகளும் இப்படித்தான். போனில் ஏதோ பணம் பிடித்துவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். "தமிழுக்கு 2-ஐ அழுத்தவும்" என்று ஒரு குரல். பிறகு 1, பிறகு 4, பிறகு 9. கடைசியில் பாட்டு. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்கிறது குரல். அவ்வளவு முக்கியம் என்றால் எடுத்துப் பேச வேண்டியதுதானே! சேருவதற்கு ஒரு பொத்தான். விலகுவதற்கு ஒன்பது கதவு. இந்த மாதிரித் தந்திரங்களில் 13 வகையைக் குறிப்பிட்டு, இவை கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதி செய்தது. தந்திரங்கள் குறைந்த மாதிரித் தெரியவில்லை.

ஏர்செல் நினைவிருக்கிறதா? 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய செல்போன் கம்பெனி. பட்டிதொட்டி எல்லாம் அந்த சிம் கார்டுதான். 2018 பிப்ரவரியில் திடீர் என்று சிக்னல் போய்விட்டது. கோபுரக் கம்பெனியோடு பணத் தகராறு. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால், மாறுவதற்கு வேண்டிய எண்ணை அதே போனில்தான் பெற வேண்டும். போனில்தான் சிக்னல் இல்லையே! ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. பாங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? "ரேகை விழாவிட்டால் செல்போனுக்கு எண் வரும்" என்று இன்று சுலபமாகச் சொல்கிறோம். செல்போனும் ஒரு கம்பெனியின் கையில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் நடந்த கொடுமை

எந்திரத்தின் வார்த்தையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய கதை இங்கிலாந்தில் நடந்தது. கதை என்றாலும் அத்தனையும் உண்மை.

அங்கே சின்னச் சின்ன தபால் ஆபீசுகளைத் தனி ஆட்கள் எடுத்து நடத்துகிறார்கள். நம் ஊர் மளிகைக் கடை மாதிரி ஒரு கடை; அதற்குள் தபால் ஆபீசு. 1999 முதல் அவற்றில் "ஹொரைசன்" என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்தது. நடத்தியது புஜிட்சு கம்பெனி.

சாயந்திரம் கணக்கு முடித்தால், கம்ப்யூட்டர் "பணம் குறைகிறது" என்றது. கல்லாவில் பணம் சரியாக இருக்கும். கம்ப்யூட்டரில் குறையும்! உதவி எண்ணுக்குப் போன் செய்தார்கள். "இப்படி வேறு யாருக்கும் ஆகவில்லை, உங்களுக்கு மட்டும்தான்" என்று பலருக்குப் பதில் கிடைத்தது. ஒவ்வொருவரும் தான் மட்டுமே தனியாக மாட்டிக்கொண்டதாக நினைத்துப் பயந்தார்கள். நகையை விற்றும், கடன் வாங்கியும் கட்டினார்கள்.

கட்ட முடியாதவர்கள் மீது வழக்கு. 1999-ல் இருந்து 2015 வரை 900-க்கும் அதிகமானவர்கள் குற்றவாளி ஆக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சீமா மிஸ்ரா. இந்திய வம்சாவளிப் பெண். 74 ஆயிரம் பவுன் திருடியதாகக் குற்றச்சாட்டு. 2010 நவம்பரில் அவருக்கு 15 மாதம் ஜெயில். அப்போது அவர் கர்ப்பிணி. அன்று அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள்!

அவர் ஒரு காசும் எடுக்கவில்லை. தப்பு கம்ப்யூட்டரில் இருந்தது. 2021 ஏப்ரலில் கோர்ட்டு அவரை நிரபராதி என்றது.

உண்மை எப்படி வெளியே வந்தது? வேல்ஸ் பகுதியில் தபால் ஆபீசு நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர், "நான் கட்ட மாட்டேன், கம்ப்யூட்டர்தான் தப்பு" என்று நின்றார். 2003-ல் அவருடைய தபால் ஆபீசைப் பறித்தார்கள். அவர் ஊர் ஊராகத் தேடி மற்றவர்களைக் கண்டுபிடித்தார். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஹொரைசனில் கோளாறு உண்டு என்றார் நீதிபதி. 2024-ல் பார்லிமெண்டு தனிச் சட்டமே செய்து தண்டனைகளை ரத்துச் செய்தது.

"உங்களுக்கு மட்டும்தான்" என்ற அந்தப் பதிலை மறக்காதீர்கள். நம் ஊரிலும் அது அடிக்கடி காதில் விழும்.

கையால் எழுதிய டிக்கெட்

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி, கம்ப்யூட்டர்களைத் திருட்டில் இருந்து காக்கும் தன் மென்பொருளுக்குப் புதுத் திருத்தம் ஒன்றை அனுப்பியது. திருத்தமே கோளாறு! உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. ஆஸ்பத்திரிகள், பாங்கிகள், விமானக் கம்பெனிகள் எல்லாம் திணறின.

நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று என்ன செய்தார்கள்? பேனாவை எடுத்தார்கள். பயணியின் பெயரையும் இருக்கை எண்ணையும் கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள். அதைக் காட்டி ஜனங்கள் விமானம் ஏறினார்கள்.

கம்ப்யூட்டர் படுத்தால், விமானம் ஏறுகிறவருக்குக் கையால் எழுதிக் கொடுக்க முடிகிறது. பத்து கிலோ அரிசிக்கு, ஊருக்கே தெரிந்த அம்மாச்சிக்கு, ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்க முடியாதா?

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழிகள் உண்டு. கண் கருவிழியைப் படம் பிடிக்கும் கருவி பல கடைகளுக்கு வந்திருக்கிறது. செல்போனுக்கு வரும் எண்ணைச் சொல்லியும் வாங்கலாம். குடும்பத்தில் வேறு ஒருவர் விரல் வைக்கலாம். கடைக்கு வர முடியாத முதியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும், தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமிக்க மனுக் கொடுக்கலாம். முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டு 12-ந் தேதி தொடங்கப்பட்டது.

ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதிதாகப் பதியலாம். ஆனால் ஒன்று: வேலை ஓய்ந்த காலத்தில், கை கொஞ்சம் தேறியிருக்கும்போது போனால் ரேகை நன்றாகப் பதியும். கூலி போகும் நாளில் போய் வீணாகத் திரும்ப வேண்டாம்.

கடையில் "இல்லை" என்று அனுப்பினால் சும்மா திரும்பாதீர்கள். என்ன தேதி, எத்தனை மணி, எத்தனை விரல் வைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். புகார் எண் 1967. இன்னொரு எண் 1800 425 5901. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. கம்பெனிகள் மீதான புகாருக்கு 1915. போன் மூலம் பணம் திருடு போனால் 1930; அதில் தாமதமே கூடாது.

போனில் ஆள் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை தேனி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ரேஷன் குறைகளுக்கு என்றே தாலுகாக்களில் இரண்டாவது சனிக்கிழமை முகாம் நடத்துகிறார்கள். தனியாகப் போக வேண்டாம். ரேகை விழாதவர்கள் தெருவில் வேறு யார் யார் என்று விசாரியுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். மனுவை வாங்கியதற்கு ரசீது கேளுங்கள். மனுவின் அடியில் கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள்.